கொலராடோ கரையில் எந்தச் செடி எந்த உயரத்தில், ஏன்?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் கொலராடோ ஆறு ஓடும் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் படங்களில் கீழே ஆற்றோரம் கள்ளியும் முள்ளுமாக இருக்கிறது, மேலே விளிம்பில் பைன் காடு நிற்கிறது. ஒரே ஆற்றை ஒட்டி, உயரம் ஏற ஏறப் பாலைவனச் செடிகொடிகள் எப்படி மாறுகின்றன? கூடவே ஒரு துணைக்கேள்வி: கரையோரம் பழுப்பாகக் காய்ந்து நிற்கும் புதர்க்காடு என்ன, வறட்சியில் செத்ததா?

துணைக்கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் ‘உயரம்’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆற்றோரத்துச் செடிக்கு இரண்டு உயரங்கள் உண்டு. கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு மேலே நிற்கிறது என்பது ஒன்று. ஆற்றின் நீர்மட்டத்திலிருந்து எவ்வளவு மேலே நிற்கிறது என்பது இன்னொன்று. முதல் கணக்கில் மாற்றம் கண்ணுக்குத் தெரிய சில நூறு மீட்டர் ஏற வேண்டும். இரண்டாவது கணக்கில் 3 மீட்டர் ஏறினாலே போதும். பெரும்பாலான விளக்கங்கள் முதல் கணக்கோடு நின்றுவிடும். ஆற்றைப் பற்றிக் கேட்டுவிட்டு ஆற்றையே விட்டுவிட்ட கதைதான் அது.

முதலில் பெரிய ஏற்றத்தைப் பார்ப்போம். பள்ளத்தாக்கின் அடியில், ஆற்றுக்கு அருகே ஃபேன்டம் ரேஞ்ச் என்ற தங்குமிடம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 750 மீட்டரில் இருக்கிறது. தெற்கு விளிம்பு ஏறக்குறைய 2,100 மீட்டர். வடக்கு விளிம்பு 2,400 மீட்டரைத் தாண்டும். அங்கே மிக உயரமான பாயின்ட் இம்பீரியல் 2,683 மீட்டர். சவுத் கைபாப் பாதையில் ஆற்றிலிருந்து தெற்கு விளிம்புக்கு 11 கிலோமீட்டர் நடைதான். அந்த நடைக்குள் 1,450 மீட்டர் அளவுக்கு ஏறிவிடுகிறோம்.

அடியில் ஜூலைப் பகல் சராசரியாகவே 41 டிகிரி செல்சியஸ். ஆண்டு மழை 230 மில்லிமீட்டர் அளவு. இங்கே நிற்பவை எல்லாம் இடைவெளி விட்டு நிற்கும் சிறு புதர்கள். சாம்பல் நிற இலையும் மஞ்சள் பூவுமாகப் பிரிட்டில்புஷ், இலையே இல்லாமல் பச்சைக் குச்சிகளாக மார்மன் டீ, சப்பாத்திக்கள்ளி இனங்கள், ஆனைக்கற்றாழையின் குட்டித் தம்பி போல யூட்டா கற்றாழை. இந்தக் கற்றாழை பல ஆண்டுகள் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே பூந்தண்டில் கொட்டிவிட்டுச் செத்துப்போகும். அப்பகுதிப் பழங்குடியினர் பூக்கும் முன் அதன் நடுக்கட்டையை எடுத்துக் குழியில் சுட்டுத் தின்றார்கள். அந்தச் சூளைக்குழிகளின் கல்வட்டங்கள் இன்னும் பல இடங்களில் கிடக்கின்றன.

1,200 மீட்டர் அளவில் டான்டோ மேடை வருகிறது. பச்சைச் சாயல் கொண்ட மென்களிப்பாறை அரித்துப்போனதால் உருவான அகலமான படி அது. இந்தப் படி முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே செடிதான்: பிளாக்பிரஷ். ரோஜாக் குடும்பத்துப் புதர் என்றால் நம்ப மாட்டீர்கள். முழங்கால் உயரம், கரடுமுரடான கிளைகள், மழையில் நனைந்தால் கறுத்துவிடும், அதனால்தான் அந்தப் பெயர். வளர்ச்சி மகா மெதுவு. நல்ல மழை பெய்த ஆண்டுகளில் மட்டும், எலிகள் புதைத்து மறந்த விதைகளிலிருந்து கன்றுகள் கிளம்பும். ஒருமுறை தீப்பிடித்து எரிந்தால் அந்த இடத்தில் மீண்டும் அது தலைகாட்டத் தலைமுறைகள் ஆகும்.

அதற்கு மேல் செங்குத்தான சுண்ணாம்புப் பாறைச் சுவர். அங்கே உயரம் எதையும் முடிவு செய்வதில்லை. வேர் பிடிக்க இடுக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சுவரைத் தாண்டினால் பின்யான் பைனும் ஜூனிப்பரும் கலந்த குட்டை மரக்காடு. 2,000 மீட்டர் சுற்றில் ஓங்கி வளரும் பாண்டரோசா பைன்கள் தொடங்குகின்றன. சுமார் 2,500 மீட்டருக்கு மேல், அதாவது வடக்கு விளிம்பில் மட்டும், ஸ்ப்ரூஸ், ஃபர், ஆஸ்பென் மரங்கள். ஒரு குளிர்காலத்தில் மூன்றரை மீட்டர் பனி கொட்டும் இடம் அது. கீழே கள்ளி நிற்பதிலிருந்து பார்த்தால் கூப்பிடு தூரம்.

ஏன் இப்படி? ஏறும் காற்று விரிந்து குளிர்கிறது. ஒரு கிலோமீட்டருக்கு சராசரியாக ஆறரை டிகிரி, காற்று வறண்டிருந்தால் பத்து டிகிரி வரை. குளிர்ந்த காற்று ஈரத்தை மழையாகவும் பனியாகவும் விடுகிறது. தெற்கு விளிம்புக்கு ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர், வடக்கு விளிம்புக்கு 640. இதோடு கணக்கு முடியவில்லை. மேலே பெய்யும் ஒரு மில்லிமீட்டரும் கீழே பெய்யும் ஒரு மில்லிமீட்டரும் செடிக்கு ஒன்றல்ல. கீழே பாதி மண்ணுக்குள் போகும் முன்பே ஆவியாகிவிடும். மேலே பனியாக உட்கார்ந்து வசந்தம் வரை சொட்டுச் சொட்டாக உருகி வேருக்குப் போகும்.

இந்த அடுக்குகளை முதலில் முறைப்படுத்தியவர் கிளின்டன் ஹார்ட் மெரியம். 1889இல் அமெரிக்க வேளாண் துறைக்காக அரிசோனாவின் சான் ஃபிரான்சிஸ்கோ சிகரங்களையும் கிராண்ட் கேன்யனையும் ஆராய்ந்து, ‘உயிர் மண்டலங்கள்’ என்று வரிசை போட்டார்: கீழ் சோனோரன், மேல் சோனோரன், இடைநிலை, கனேடியன், ஹட்சோனியன், உச்சியில் ஆர்க்டிக்-ஆல்பைன். மலை ஏறுவது வடக்கே பயணம் போவது மாதிரி என்பது அவர் கருத்து. கிராண்ட் கேன்யனின் அடியிலிருந்து வடக்கு விளிம்புக்கு ஏறினால் மெக்சிகோவிலிருந்து கனடாவுக்குப் போன மாதிரி என்று இன்றும் வழிகாட்டிகள் சொல்வது இங்கிருந்து வந்ததுதான். மனதில் நிற்கும் ஒப்பீடு, மறுக்கவில்லை. ஆனால் மெரியம் எல்லாவற்றையும் வெப்பத்தின் கணக்கில் எழுதிவிட்டார். அங்கேதான் இடறியது.

திருத்தியவர்களில் முக்கியமானவர் ஃபாரஸ்ட் ஷ்ரீவ். அரிசோனாவின் டூசான் நகரில் 1903இல் கார்னகி நிறுவனம் தொடங்கிய பாலைவன ஆய்வகத்தில் இருந்தவர். அருகிலுள்ள சான்டா காட்டலினா மலையில் ஆண்டுக்கணக்கில் அளந்தார். அவர் கண்டதை ஒரே வரியில் சொல்லலாம்: மலை மரத்தின் கீழ் எல்லையை வறட்சி போடுகிறது, பாலைவனச் செடியின் மேல் எல்லையைக் குளிர்கால உறைகுளிர் போடுகிறது. கள்ளி மேலே ஏறாததற்குக் காரணம் அங்கே ஈரம் அதிகம் என்பது இல்லை. ஒரு கடும் உறைகுளிர் அதைக் கொன்றுவிடும். பெரிய சாகுவாரோ கள்ளியைப் பற்றி அவர் சொன்னது இன்னும் துல்லியம்: இரவில் உறைந்தால் தாங்கும், மறுநாள் வெயில் உருக்கிவிடும். ஆனால் ஒரு முழுப் பகலும் உறைநிலைக்கு மேல் ஏறாமல் போனால் கதை முடிந்தது. சராசரி வெப்பநிலையைப் பார்த்தால் இது புலப்படவே புலப்படாது. மறுமுனையில், 2002–03 வறட்சியில் அமெரிக்கத் தென்மேற்கில் கோடிக்கணக்கில் பின்யான் பைன்கள் செத்தன. வறட்சி பலவீனப்படுத்தியது, பட்டைவண்டு முடித்துவைத்தது.

எல்லைக்கோடுகள் சமஉயரக் கோடுகளாக ஓடுவதும் இல்லை. ஆறு ஏறக்குறைய மேற்கு நோக்கிப் போவதால், தெற்கு விளிம்பின் சுவர் வடக்கு பார்த்தது, வடக்கு விளிம்பின் சுவர் தெற்கு பார்த்தது. வீடு வாங்குபவர் திசை பார்ப்பதைவிட இந்தச் செடிகள் திசை பார்க்கும். வடக்கு பார்த்த சரிவில் குளிர்கால வெயில் படுவதே அபூர்வம். பனி வாரக்கணக்கில் கிடக்கும். அதனால் தெற்கு விளிம்பின் மேல் பின்யானும் பாண்டரோசாவும் நிற்க, விளிம்புக்குச் சற்றுக் கீழே, நிழலான மடிப்புகளில், இன்னும் உயரத்துக்குரிய டக்ளஸ் ஃபர் மரங்கள் நிற்கின்றன. மேலிருக்க வேண்டியது கீழே, கீழிருக்க வேண்டியது மேலே. எதிர்ச் சுவரில் அதே உயரத்தில் வெயில் காய்ந்து கள்ளி ஏறியிருக்கும். இரவில் குளிர்ந்த காற்று கனத்து, தண்ணீரைப் போலவே பக்கப் பள்ளத்தாக்குகளில் இறங்கி வழிவதும் இந்தத் தலைகீழ் அடுக்குக்கு ஒரு காரணம். குறுகிய பக்கப் பள்ளத்தின் அடியில் நிற்கும் செடிக்கு, நூறு மீட்டர் மேலே சரிவில் நிற்கும் செடியைவிட இரவு குளிர் அதிகமாக இருக்கக்கூடும்.

இனி ஆற்றோரம். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

மேலே அணை கட்டுவதற்கு முன் கொலராடோ ஒரு முரட்டு ஆறு. ராக்கி மலைகளின் பனி உருகி மே, ஜூனில் வெள்ளம் வரும். 1921இல் வினாடிக்கு 1.7 லட்சம் கனஅடி அளந்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் இப்படித் துடைத்துக்கொண்டு போனால் கரையில் எது நிலைக்கும்? நீர்மட்டத்துக்கும் வெள்ளமட்டத்துக்கும் இடையில் ஏறக்குறைய மொட்டை மணலும் பாறையும்தான். வெள்ளம் எட்டும் உச்சியில், அதாவது ஆண்டுக்கொருமுறை தண்ணீர் தொட்டுவிட்டுத் திரும்பும் இடத்தில், ஒரு மரவரிசை: தேன் மெஸ்கீட், கேட்கிளா வேலம், வலையிலை ஹேக்பெர்ரி. மெஸ்கீட் வேறு யாருமில்லை, சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. அங்கே அது சொந்த மண்ணின் மரம், இங்கே நாம் திட்டுகிற வந்தேறியின் சித்தப்பா மகன். நீரைத் தேடி 50 மீட்டருக்கும் ஆழமாக இதன் இனத்து வேர் போனது டூசான் அருகே ஒரு சுரங்கத்தில் பதிவாகியிருக்கிறது. இந்த மரவரிசைக்கு ஒரு முழம் மேலே போனால் மறுபடி வறண்ட பாலைவனம். கடல்மட்டக் கணக்கில் இந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை. செடிகளைப் பொறுத்தவரை இரண்டு வேறு உலகங்கள்.

இப்படி இருந்த கரையை முறையாகப் பதிவு செய்தவர்கள் இரண்டு பெண்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் எல்சாடா குளோவரும் ஆய்வு மாணவி லோயிஸ் ஜாட்டரும் 1938 கோடையில் யூட்டாவின் கிரீன் ரிவர் ஊரிலிருந்து மரப்படகில் கிளம்பி, கேன்யனுக்குக் கீழே இருக்கும் மீட் ஏரி வரை செடி சேகரித்துக்கொண்டே போனார்கள். கிராண்ட் கேன்யன் முழுவதையும் படகில் கடந்த முதல் பெண்கள் அவர்கள்தான். பத்திரிகைகளுக்கு அதுதான் செய்தி. செடிகளை யார் கேட்டார்கள்? ஆனால் 1944இல் அவர்கள் வெளியிட்ட தாவரப் பட்டியல் இல்லையென்றால், அணை கட்டியபின் என்ன மாறியது என்று ஒப்பிட ஆதாரமே இருந்திருக்காது.

1963இல் மேலே கிளென் கேன்யன் அணையின் மதகுகள் மூடின. அதன்பின் சாதாரணமாக மின்நிலையம் வழியே வரும் நீர்தான், அதிகபட்சம் சுமார் 31,000 கனஅடி. வெள்ளம் துடைக்காத மொட்டைக் கரையில் ஒரு புதிய பச்சைப் பட்டை முளைத்தது: நரி வில்லோ என்று அங்கே சொல்லும் ஒல்லியான வில்லோ, அம்புக்குத் தண்டு தந்ததால் ஏரோவீட் என்று பெயர் பெற்ற புதர், நாணல், எல்லாவற்றுக்கும் மேலாக வெளிநாட்டிலிருந்து வந்த டாமரிஸ்க் என்ற குறுமரம். மெஸ்கீட்டும் தன் பங்குக்குக் கீழே இறங்கி வருகிறது. மேலே இருக்கும் பழைய மரவரிசைக்கோ இப்போது வெள்ளம் எட்டுவதில்லை. முதிர்ந்த மரங்கள் நிற்கின்றன, பல நுனி காய்கின்றன, கன்றுகள் அபூர்வம். படகில் போகும்போது கரையில் இரண்டு பச்சைக் கோடுகள் தெரியும். மேல்கோடு பழைய ஆற்றுக்குச் சொந்தம், கீழ்க்கோடு அணைக்குச் சொந்தம். 1983இல் பனி எதிர்பாராமல் உருகி 90,000 கனஅடிக்கு மேல் திறக்க நேர்ந்தபோது கீழ்க்கோட்டில் நிறைய அடித்துக்கொண்டு போனது, பிறகு திரும்ப முளைத்தது. 1996 மார்ச்சில் வேண்டுமென்றே 45,000 கனஅடியை ஒரு வாரம் திறந்து மணல்திட்டுகளை மீட்கப் பார்த்தார்கள். அந்த மாதிரிச் செயற்கை வெள்ளங்கள் பின்னரும் பலமுறை நடந்தன. பழைய மேல்கோட்டை எட்ட அது போதாது.

ஆற்றின் போக்கிலேயே இறங்கினால் இன்னொரு மாற்றம். லீஸ் ஃபெர்ரியில் ஆறு சுமார் 950 மீட்டர் உயரத்தில் கேன்யனுக்குள் நுழைகிறது. 446 கிலோமீட்டர் ஓடி கிராண்ட் வாஷ் குன்றுகளில் வெளியேறுவதற்குள் 600 மீட்டர் அளவுக்கு இறங்குகிறது. நீள்வாக்கில் பார்த்தால் மிகச் சாதுவான சரிவு. ஆனால் வட அமெரிக்காவின் நான்கு பெரும் பாலைவனங்களில் மூன்று இங்கே கைமாறுகின்றன. மேல்முனையில் குளிர்ப் பாலைவனமான கிரேட் பேசினின் சாயல்: சேஜ்பிரஷ், உப்புப் புதர்கள். மேற்கே போகப் போகக் குளிர்காலம் மிதமாகி, உறைகுளிருக்கு அஞ்சும் சோனோரன், மொஹாவே பாலைவனச் செடிகள் நுழைகின்றன. மழை பெய்த சில நாளில் இலை விட்டு, காய்ந்ததும் உதிர்த்து, ஓராண்டில் பலமுறை இதே வேலையாக இருக்கும் ஒக்கோட்டியோ, பீப்பாய்க் கள்ளி, இலையில் பிசின் பூசிய கிரியோசோட். கிராண்ட் வாஷ் பக்கம் போய்விட்டால் ஜோஷுவா மரமும் எட்டிப் பார்க்கும். ஆற்றோரத்தின் இளஞ்சூடான தாழ்வழி இல்லாவிட்டால் இந்தத் தெற்கத்திச் செடிகள் பீடபூமிக்குள் இவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது.

ஊற்றுகளைப் பற்றி ஒரு வார்த்தை. சுண்ணாம்புப் பாறையில் நீர் கசியும் இடங்களில் உயரம், வெயில் என்ற கணக்கெல்லாம் அடிபட்டுப்போகும். பாலைவனச் சுவரில் ஈரப் பெரணியும் செந்நிறக் குரங்குமுகப் பூவும் தொங்கும். 1869இல் படகில் வந்த ஜான் வெஸ்லி பவல் அப்படியொரு அருவித் தோட்டத்துக்குத் தாவரவியலாளர் ஜார்ஜ் வேசியின் பெயரைச் சூட்டினார்: வேசியின் சொர்க்கம். அந்தச் சொர்க்கத்தில் தொட்டால் கொப்புளிக்கும் விஷ ஐவியும் தாராளமாக வளர்கிறது.

இந்த அடுக்குகள் நிரந்தரம் என்று நினைத்துவிட வேண்டாம். பேக்ராட் என்னும் எலி, சுற்றிலும் கிடைக்கும் குச்சி, இலை, முள் எல்லாவற்றையும் பாறை இடுக்கில் குவிக்கும். அதன் சிறுநீர் இறுகிப் பிசின் மாதிரி அந்தக் குவியலைப் பல்லாயிரம் ஆண்டுகள் காப்பாற்றும். எலி தன் கூட்டிலிருந்து சில பத்து மீட்டருக்கு மேல் போகாது, ஆகவே அந்தக் குவியல் அந்த இடத்தின் செடிப் பட்டியல். கார்பன் காலக்கணிப்பு செய்து பார்த்தபோது, கடந்த பனியுகத்தில் இப்போது கள்ளியும் பிளாக்பிரஷும் இருக்கும் உயரங்களில் ஜூனிப்பர் நின்றது தெரிந்தது. பல மரங்கள் இன்றைய இடத்திலிருந்து 600 முதல் 1,000 மீட்டர் வரை கீழே இருந்திருக்கின்றன. காடு மொத்தமாக மாடிப்படி இறங்கியதாகவும் எண்ண வேண்டாம். ஒவ்வொரு செடியும் தன் போக்கில் தனித்தனியாக நகர்ந்தது, இன்று பக்கத்தில் நில்லாத செடிகள் அன்று பக்கத்தில் நின்றன. மெரியத்தின் நேர்த்தியான பட்டைகளுக்கு எலி வைத்த வேட்டு இது.

சரி, பழுப்பாக நிற்கும் புதர்க்காடு. அது டாமரிஸ்க், சவுக்கு மாதிரி மெல்லிய செதில் இலை கொண்ட ஆசியக் குறுமரம். 19ஆம் நூற்றாண்டில் அழகுக்கும் கரைப் பாதுகாப்புக்குமாக அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். காற்றில் பறக்கும் லட்சக்கணக்கான விதைகள், வெள்ளம் வராத ஈர மணல்: அதற்கு வேறென்ன வேண்டும்? ஆற்றையே உறிஞ்சிவிடுகிறது என்று ஒரு காலத்தில் பெரும் பழி சொன்னார்கள். பின்னால் அளந்தபோது வில்லோ குடிக்கிற அளவுதான் அதுவும் குடிக்கிறது என்று தெரிந்தது. இதைத் தின்ன மத்திய ஆசியாவிலிருந்து ஓர் இலைவண்டைக் கொண்டுவந்து 2001 முதல் வெளியே விட்டார்கள். பகல் நீளத்தை வைத்துக் குளிர்கால உறக்கத்துக்குப் போகும் வண்டு அது. தெற்கே கோடைப் பகல் குறைவு என்பதால் வடக்குக் குறுக்குக்கோடு 38 டிகிரிக்குக் கீழே பிழைக்காது என்று கணக்குப் போட்டிருந்தார்கள். வண்டு சில ஆண்டுகளில் தன் கடிகாரத்தை மாற்றிக்கொண்டது. 36 டிகிரியில் இருக்கும் கிராண்ட் கேன்யனில் 2009இல் அதைக் கண்டார்கள்.

ஆகவே நீங்கள் படத்தில் பார்த்தது பெரும்பாலும் வறட்சியில் செத்ததாக இருக்காது. வண்டு இலையைச் சுரண்டித் தின்றதில் பழுத்தது. ஒரே ஆண்டில் சாவதில்லை, மறுபடி துளிர்க்கும், மறுபடி தின்னும், சில ஆண்டுகளில் கிளைகள் பட்டுப்போகும். இதற்குள் அழிவின் விளிம்பில் இருக்கும் தென்மேற்கு வில்லோ ஈப்பிடிப்பான் என்ற குருவி, வில்லோ இல்லாத இடங்களில் இதே டாமரிஸ்க்கில் கூடு கட்டப் பழகியிருந்தது. கூட்டுக்கு நிழல் போய்விடும் என்பதால் 2010இல் வேளாண் துறை வண்டு விடும் திட்டத்தை நிறுத்தியது. வண்டு நிற்கவில்லை, ஆற்றோடு இறங்கிக்கொண்டே போனது.